கரும்பலகையும் கணினித் திரையும்: கல்வி இணையதளங்கள் தருமபுரி வகுப்பறைக்கு வந்த கதை

முன்னுரை

கல்வி இணையதளம் என்றதும் "ஒரு சொடுக்கில் உலகமே வகுப்பறைக்குள் வந்துவிடும்" என்ற மேடைப் பேச்சுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. இணையதளம் ஒன்று உருவானதற்கும், அது அரூரிலோ பாலக்கோட்டிலோ உள்ள அரசுப் பள்ளி மாணவனின் பாடத்துக்கு உதவியதற்கும் இடையில் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. முதலில் தமிழ் எழுத்து திரையில் தெரிய வேண்டியிருந்தது. பிறகு கணினி வர வேண்டியிருந்தது. கணினி வந்தபோது மின்சாரம் இல்லை. எல்லாம் இருந்த இடத்திலும், திரையில் உள்ளதைப் பாடமாக மாற்றித் தர ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். இந்தக் கதையைத் தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து இக்கட்டுரையில் காணலாம்.

இணையத்துக்கு முன்பு

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிந்து உருவானது தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில் இதிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 15,06,843 பேர் வாழ்ந்தனர். எழுத்தறிவு 68.54 சதவீதம். மாநில சராசரியோ 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதாவது தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசி இடம் தருமபுரிக்கு. மானாவாரி நிலம், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போகும் குடும்பங்கள், சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்கள் என இதற்குக் காரணங்கள் பல.

இந்தப் பின்தங்கிய நிலையே ஒருவகையில் தருமபுரிக்குச் சில திட்டங்களை முன்கூட்டியே கொண்டுவந்தது. 1994ல் மத்திய அரசு மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தை (டி.பி.இ.பி.) தொடங்கியபோது, பெண் எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டில் முதல் கட்டத்திலேயே இடம்பெற்ற மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. இத்திட்டத்தில் உருவானவைதான் வட்டார வள மையங்கள். ஆசிரியர்கள் அங்கே கூடுவார்கள். அட்டையில் செய்த கடிகாரம், மணிச்சட்டம், படக்கதை என்று ஒரு பள்ளியில் செய்த துணைக்கருவி அடுத்த பள்ளிக்கும் போய்ச் சேரும். பிறகு வந்த அனைவருக்கும் கல்வி இயக்கம் இந்த மையங்களைத் தொடர்ந்து நடத்தியது.

ஒரு ஆசிரியர் கண்டுபிடித்த வழியை இன்னொரு ஆசிரியருக்குத் தெரிவிப்பதுதான் கல்வி இணையதளத்தின் அடிப்படை வேலை. அந்த வேலையை வட்டார வள மையங்கள் கணினி இல்லாமலேயே செய்துகொண்டிருந்தன. அவற்றைப் பற்றி இன்று யாரும் அதிகம் பேசுவதில்லை.

எழுத்தே தெரியாத காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் எழுத்துகள் இணையத்தில் ஏறின. அங்கே வெளியான கவிதைத் தொகுப்பு ஒன்றின் இணையப் பக்கங்களில் தமிழும் இடம்பெற்றது.

ஆனால் அன்றைய தமிழ் இணையதளங்களைப் படிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துருவை இறக்கி நிறுவாவிட்டால் திரையில் புரியாத குறியீடுகள்தான் தெரியும். ஒரு தளத்திலிருந்து நகலெடுத்த வரியை இன்னொரு இடத்தில் ஒட்டினால் அதுவும் குப்பையாகிவிடும். ஆங்கிலத்தில் படிக்கும் மாணவனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தமிழ்வழி மாணவனுக்கோ முதல் பாடமே எழுத்துருவை நிறுவுவதுதான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 1997ல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. சென்னை மாநாட்டில்தான் தமிழ்99 விசைப்பலகை முறை ஏற்கப்பட்டது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் தமிழில் எழுத வழிசெய்தன. ஒருங்குறி எனப்படும் யூனிகோடு தமிழுக்கும் இடம் தந்திருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரண கணினியில் அது சரியாகத் தெரியத் தொடங்கியது. பள்ளிகளிலும் பிரௌசிங் சென்டர்களிலும் இருந்த விண்டோஸ் 98 கணினிகள் மாறும்வரை இந்தத் தொல்லை நீடித்தது. தமிழக அரசு யூனிகோடைத் தனது அதிகாரப்பூர்வக் குறியீடாக அறிவித்தது 2010ல், கோவை செம்மொழி மாநாட்டின்போதுதான்.

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் சிலர் காத்திருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை வரிவரியாகத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி இலவசமாக வெளியிட்டனர். 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது (இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம்). வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பாடங்களை வைத்த அந்தத் தளத்தின் நூலகம், உள்ளூர்த் தமிழாசிரியர்களுக்கும் பெரிய உதவியானது. 2003ல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. 2005ல் இலங்கைத் தமிழ் நூல்களுக்காக நூலகம் தளம் தொடங்கியது.

சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வசதியில்லாத ஒரு கிராமத்துத் தமிழாசிரியருக்கு, புறநானூறு உரையோடு ஊரிலேயே படிக்கக் கிடைத்தது என்றால் அது சாதாரண மாற்றம் அல்ல.

தேர்வு முடிவும் பிரௌசிங் சென்டரும்

இருந்தும், 2000களின் தொடக்கத்தில் மாவட்ட மாணவர்களில் பெரும்பாலோர் இணையத்தை முதன்முதலில் பார்த்தது பாடத்துக்காக அல்ல, மதிப்பெண்ணுக்காக. பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பிரௌசிங் சென்டர் வாசலில் கூட்டம் நெரியும். பதிவு எண்ணை எழுதிய துண்டுச்சீட்டை நீட்டிக் காசு கொடுத்துவிட்டு, அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். மற்ற நாட்களில் அந்தக் கணினிக்கும் பள்ளிப் பாடத்துக்கும் பெரிய தொடர்பு இருக்காது.

இதே காலத்தில் மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் வேறு ஒரு முயற்சி நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தைக் கொண்டு, என்-லோக் நிறுவனம் கிராமங்களில் இணைய மையங்களை அமைத்தது. உள்ளூர் இளைஞர்களே அவற்றை நடத்தினர். மின்னஞ்சல், விவசாய ஆலோசனை, கணினிப் பயிற்சி எனப் பல சேவைகள் இருந்தன. இவற்றில் கணினிப் பயிற்சிக்குப் பெற்றோர் பணம் கொடுக்கத் தயாராக இருந்தனர். பிள்ளைகள் திரையின் முன் உட்கார வேண்டும் என்ற ஆசை கிராமத்தில் குறைவில்லாமல் இருந்தது என்பதற்கு இது சான்று.

பள்ளிக்குள் அந்த ஆசையை ஓரளவு நிறைவேற்றியது குறுந்தகடுதான். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கணினி வழிக் கற்றல் மையங்களில், அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை போன்றவை தயாரித்த பாடக் குறுந்தகடுகள் ஓடின. இணைய இணைப்பு தேவையில்லை. ஒரு கணினியைச் சுற்றி நான்கைந்து பிள்ளைகள் உட்கார்ந்து, சரியான விடையைத் தொட்டதும் வரும் கைதட்டல் ஓசைக்காகவே கணக்குப் போட்டார்கள்.

காளிக்குப்பம் சொல்லும் பாடம்

"கணினியைக் கொடுத்தால் போதும், பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வார்கள்" என்ற கருத்து அக்காலத்தில் பலமாகப் பேசப்பட்டது. இதற்குக் காரணமானவர் சுகதா மித்ரா. 1999 ஜனவரியில் டெல்லி கால்காஜியில் குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் துளையிட்டு ஒரு கணினியை வைத்தார். பள்ளிக்கே சரியாகப் போகாத பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமல் அதை இயக்கக் கற்றுக்கொண்டனர். உலகமே வியந்தது.

இந்தக் கருத்துக்கு எல்லை எது என்று பார்க்க அவரே தெற்கே வந்தார். சுனாமியால் பாதிக்கப்பட்ட காளிக்குப்பம் என்ற கடலோரக் கிராமத்தில், தமிழ் மட்டுமே தெரிந்த 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு, உயிரித் தொழில்நுட்பப் பாடங்களை ஆங்கிலத்தில் கணினியில் வைத்தார். டி.என்.ஏ. எப்படித் தன்னைப் பிரதி எடுக்கிறது என்பது போன்ற கடினமான விஷயங்கள். பிள்ளைகள் எதுவும் கற்கமாட்டார்கள் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் சுழியத்தை ஒட்டியிருந்த மதிப்பெண் சுமார் 30 சதவீதத்துக்கு உயர்ந்தது.

இதுவரை சொன்னதைத்தான் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அடுத்து நடந்ததுதான் முக்கியம். பாடமே தெரியாத, ஆனால் பிள்ளைகளோடு நன்றாகப் பழகும் உள்ளூர் இளம்பெண் ஒருவரை அவர்களுடன் இருக்கச் செய்தார். "அட, எப்படிச் செய்தாய்? எனக்கும் காட்டு" என்ற முறையில் பேசி ஊக்கப்படுத்துவது மட்டும்தான் அவர் வேலை. மதிப்பெண் 50 சதவீதத்தை ஒட்டி வந்தது. டெல்லியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியரிடம் படித்த மாணவர்களின் நிலைக்கு அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் நெருங்கிவிட்டனர். இந்த ஆய்வு 2010ல் வெளியானது.

அதே கணினி, அதே பாடம். பக்கத்தில் ஒரு மனிதர் வந்ததும் 30 என்பது 50 ஆனது. பாடம் தெரிந்த ஆசிரியரே அருகில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கணினியை வாங்கும்போதெல்லாம் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது.

மடிக்கணினி வந்தது, மின்சாரம் போனது

2000களின் பிற்பகுதியில் தமிழக அரசு பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வைத்தது. பழைய பதிப்பு கிடைக்காமல் அலைந்த தனித்தேர்வர்களுக்கும், போட்டித் தேர்வு எழுதுவோருக்கும் இது பெரிதும் உதவியது. 2011ல் சமச்சீர் கல்வி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புகளுக்கும் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கூலி வேலை செய்யும் குடும்பத்தின் வீட்டுக்குள் முதல் கணினி நுழைந்தது அப்போதுதான்.

ஆனால் அந்த ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டின் உச்ச காலம். 2012ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருந்து சார்ஜ் ஏற்றிக்கொண்ட மாணவர்கள் ஏராளம். இணைய இணைப்பும் தனியாக வாங்க வேண்டும். அதனால் பலருடைய மடிக்கணினி பாடத்தைவிடப் படத்துக்கே அதிகம் பயன்பட்டது. இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்வது சரியல்ல. கருவி கையில் கிடைத்தது. அதில் எதைப் பார்ப்பது, எந்தப் பாடத்துக்கு எந்தத் தளம் என்று சொல்ல அன்று யாரும் இல்லை.

பாடநூலுக்குள் இணையதளம்

அந்தக் குறையை ஓரளவு போக்கியது 2018ல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்கள். பக்கங்களில் க்யூஆர் குறியீடு அச்சிடப்பட்டது. கைபேசியால் அதைப் படம்பிடித்தால், 2017ல் தொடங்கிய தீக்ஷா தளத்தில் உள்ள காணொளி திறக்கும். அதோடு "இணையச் செயல்பாடு" என்ற பகுதியும் சேர்ந்தது. எந்தத் தளத்துக்குப் போவது, எதைச் சொடுக்குவது, என்ன விடை வர வேண்டும் என்பதெல்லாம் படிப்படியாகப் படத்தோடு இருக்கும்.

கணிதத்துக்கு ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001ல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. முக்கோணத்தின் முனையைப் பிடித்து எப்படி இழுத்தாலும் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகையாகவே நிற்பதை மாணவன் கண்ணால் பார்க்கலாம். கரும்பலகையில் ஒரு முக்கோணம்தான் வரைய முடியும். இங்கே நூறு முக்கோணங்களைப் பார்த்துவிடலாம்.

அறிவியலுக்கு ஃபெட். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆய்வகம் இல்லாத பள்ளியிலும் மின்சுற்றை இணைத்து, மின்தடையை மாற்றி, விளக்கு மங்குவதைப் பார்க்கலாம். நம் நாட்டில் அரவிந்த் குப்தாவின் தளம், குப்பையில் போகும் தீக்குச்சி, உறிஞ்சுகுழல், சைக்கிள் டியூப் ஆகியவற்றிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தருகிறது. பணமில்லாத பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான தளம் இருக்க முடியாது.

புவியியலுக்குக் கூகுள் எர்த், இஸ்ரோ 2009ல் வெளியிட்ட புவன். காவிரி ஒகேனக்கல்லில் பாறைகளுக்கு நடுவே பிளந்து விழுவதையும், பிறகு மேட்டூர் அணையில் விரிவதையும் ஒரே திரையில் காட்டலாம்.

இங்கேயும் ஆசிரியர் இல்லாமல் முடியாது என்பதற்குத் தருமபுரியிலேயே இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு.

முதலாவது தமிழ்ப் பாடம். தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையாரும் நெல்லிக்கனியும் இந்த மண்ணின் கதை. மதுரைத் திட்டத்தில் ஔவையார் என்று தேடும் மாணவனுக்குச் சங்கப் பாடல்களும் கிடைக்கும், ஆத்திசூடியும் கிடைக்கும். இரண்டையும் ஒருவரே பாடினார் என்று அவன் எழுதிவிடுவான். சங்க கால ஔவையார் வேறு, பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஆத்திசூடி பாடிய ஔவையார் வேறு. இதை எடுத்துச் சொல்லி, இரண்டு மொழிநடையையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டியவர் தமிழாசிரியர். நேரம் இருந்தால் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களையும் அவர் காட்டலாம்.

இரண்டாவது வேதியியல். தனிம அட்டவணை பற்றிய எந்தத் தளமும் ஃப்ளூரினின் அணு எண் 9 என்று சொல்லும். தருமபுரி மாவட்டத்தின் பல கிராமங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் பற்களில் பழுப்புக் கறை படியும், மிக அதிகமானால் எலும்பும் பாதிக்கப்படும். ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013ல் தொடங்கி வைக்கப்பட்டதே இதற்காகத்தான். "அட்டவணையில் இருக்கும் இந்த எழுத்துதான் உங்கள் ஊர்க் கிணற்றில் இருக்கிறது" என்று ஓர் ஆசிரியர் சொல்லும்போது, அந்தப் பாடம் மாணவனின் சொந்தப் பல்லைப் பற்றியதாக மாறிவிடுகிறது. எந்த வெளிநாட்டுத் தளமும் இந்த வரியைச் சொல்லாது.

கொரோனா வைத்த தேர்வு

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். ஏறத்தாழ 19 மாதங்கள்! ஆசிரியரை விலக்கிவிட்டுத் திரையை மட்டும் வைத்துப் பாடம் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு, யாரும் விரும்பாமலேயே ஒரு சோதனை நடந்தது.

2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அப்போது கைகொடுத்தது. 2020 ஜூலையில், பிளஸ் 2 மாணவர்களின் மடிக்கணினிகளில் பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் மூலம் பாடக் காணொளிகளைப் பதிவேற்றித் தரும் திட்டமும் வந்தது. இணையம் மாணவனிடம் போக முடியாததால், மாணவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பாடத்திடம் வந்தான் எனலாம்.

ஆனால் தனியார் பள்ளிப் பிள்ளைகள் நேரலை வகுப்பில் இருந்தபோது, ஒரே கைபேசி உள்ள வீட்டில் அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். மலைக் கிராமங்களில் கைபேசி இருந்தும் சிக்னல் இல்லை. சிறு பிள்ளைகள் பலர் எழுத்துக் கூட்டிப் படிப்பதையே மறந்தனர். கடைசியில் அரசு நம்பியது மனிதர்களைத்தான். 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் குடியிருப்புகளுக்கே போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தனர். திண்ணையும் கோயில் மண்டபமும் மரத்தடியும் மறுபடி வகுப்பறையாயின.

முடிவுரை

பள்ளிகள் திறந்த பிறகும் இணையதளங்களின் வளர்ச்சி நிற்கவில்லை. 2023ல் பள்ளிக்கல்வித் துறை மணற்கேணி செயலியை வெளியிட்டது. 6 முதல் 12 வரையிலான பாடங்கள் அதில் சிறுசிறு காணொளிகளாக உள்ளன. 1998ல் எழுத்துரு தேடி அலைந்த தலைமுறைக்கு இதெல்லாம் கனவு போன்றது.

இருந்தாலும் இந்த வரலாறு முழுவதும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. வட்டார வள மையத்தின் அட்டைக் கடிகாரம் ஆகட்டும், குறுந்தகடு ஆகட்டும், ஜியோஜீப்ரா ஆகட்டும், அதை முந்தைய நாளே பார்த்து, வகுப்புக்கு எது தேவை என்று தேர்ந்தெடுத்து, இணைப்பு இல்லாவிட்டால் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வந்த ஆசிரியர் இருந்த இடத்தில் அது பயன்பட்டது. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் கணினி உறை போட்டு மூடிக் கிடந்தது.

எழுத்தறிவில் கடைசியில் நின்ற ஒரு மாவட்டத்துக்கு இது சிறிய செய்தி அல்ல. அடுத்த முறை ஒரு பள்ளிக்குக் கணினி வரும்போது, அதோடு ஆசிரியருக்குப் பயிற்சியும், தயாரிப்புக்கான நேரமும், ஊருக்கு ஏற்ற தமிழ்ப் பாடமும் வருகிறதா என்று கேட்க வேண்டும். தமிழில் இல்லாததை எழுதிச் சேர்க்கும் வாய்ப்பு மாணவர்களுக்கும் உண்டு. 2010ல் தமிழக அரசும் தமிழ் விக்கிப்பீடியாவும் சேர்ந்து நடத்திய கட்டுரைப் போட்டியில் கல்லூரி மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் அந்தக் கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்றன. தங்கள் ஊர்க் கிணற்று நீரைப் பற்றியும் நடுகல்லைப் பற்றியும் தருமபுரி மாணவர்களே எழுதினால், அடுத்த தலைமுறை ஆசிரியருக்கு வகுப்பில் காட்ட நல்ல பக்கங்கள் கிடைக்கும்.